சூடே ஏறாத கார்

"அண்ணே, ஒரு துளிப் புகைகூட வரலை. அப்புறம் எப்படிப் புகைச் சோதனையில தோத்துச்சு?"

கிள்ளானிலிருந்து பேசிய அந்தத் தங்கைக்கு வயது 24. தாதி வேலை கிடைத்திருக்கிறது. மாதம் பிறந்ததும் சேர வேண்டும். இரவு முறை முடிந்து வரும் நேரத்தில் பேருந்து கிடையாது. தினமும் இ-ஹெய்லிங் காரில் போய்வந்தால் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். அதனால் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் கார் பேசி முடித்தார். 2009 மாடல், உள்நாட்டுத் தயாரிப்பு, முதலில் வாங்கியவர் கையிலேயே இருந்த கார். விலை 8,500 வெள்ளி. 1,000 வெள்ளி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை வேண்டுமல்லவா? பிரேக், சஸ்பென்ஷன், கண்ணாடிக் கருமை, இயந்திர எண், சேசிஸ் எண் எல்லாவற்றிலும் தேறிய கார், புகை வெளியீட்டில் மட்டும் விழுந்துவிட்டது.

என்னைக் கூப்பிடுவதற்குள் அவர் இரண்டு பட்டறைகளைப் பார்த்துவிட்டார். முதல் பட்டறையில் "ஆக்சிஜன் சென்சார் போச்சு" என்றார்கள். 280 வெள்ளிக்குப் புதியது மாட்டினார்கள். மறுபடியும் தோல்வி. இரண்டாவது பட்டறையில் "கேட்டலிட்டிக் செத்துப் போச்சு, புதுசு போட 1,600 வெள்ளி" என்றார்கள். அந்தப் பணம் அவரிடம் இல்லை. பெரியவரோ, "நேத்து வரைக்கும் நல்லா ஓடின காரு. நான் எதுக்கு செலவு பண்ணணும்?" என்கிறார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்ற பேச்சும் வீட்டில் தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள். நடுவில் ஒரு கார்.

நல்லவேளையாக, இரண்டாவது பட்டறையில் புகை அளக்கும் கருவி இருந்திருக்கிறது. அதன் அச்சுத்தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். கார்பன் மோனாக்சைடு 5.2 விழுக்காடு. ஹைட்ரோகார்பன் 340. ஆக்சிஜன் 0.4. லாம்டா 0.86.

இந்த நாலு எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இருந்தால் லாம்டா 1. அதற்குக் கீழே போனால் எண்ணெய் அதிகம், காற்று குறைவு என்று பொருள். பட்டறைப் பேச்சில் இதைத்தான் 'ரிச்' என்போம். அடுப்பில் விறகைத் திணித்துக் காற்றுக்கு வழிவிடாமல் வைத்தால் என்ன ஆகும்? அதேதான். எரிய வேண்டியது அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியே வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் கரும்புகை, நிலைமை ரொம்ப முற்றிய பிறகுதான் வரும். 'புகையே வரலையே' என்ற அந்தத் தங்கையின் கேள்விக்கு இதுதான் பதில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடு சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் கதை வேறு. பிளக், காயில் போன்ற இடத்தில் கோளாறு இருந்து, ஒரு சிலிண்டரில் நெருப்பே சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். 'புகையில தோத்துச்சு' என்று ஒரே வரியில் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். எந்த வாயுவில் தோற்றது என்று கேளுங்கள். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1996-இல் வந்த பெட்ரோல் இயந்திர விதிமுறைகளும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் எல்லை வைத்திருக்கின்றன.

சரி, எண்ணெய் அதிகம் போகிறது என்று தெரிந்துவிட்டது. யார் ஊற்றுகிறார்கள்? இசியு எனும் கணினிதான். அது தன்னிஷ்டத்துக்கு ஊற்றுவதில்லை. எவ்வளவு காற்று வருகிறது, இயந்திரம் எவ்வளவு சூடு, புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று மூன்று நான்கு பேரிடம் கேட்டுவிட்டு ஊற்றுகிறது. கடைசியாகச் சொன்ன ஆக்சிஜன் சென்சார், போஷ் நிறுவனம் உருவாக்கி 1976-இல் வொல்வோ காரில் முதன்முதலாக வந்தது. 'எண்ணெய் கூடிப்போச்சு, குறை' என்று அது சொல்லும், கணினி குறைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இயந்திரம் சூடேறும்வரை கணினி அந்தச் சென்சாரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாது. காலையில் குளிர்ந்த இயந்திரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் எண்ணெய் கொடுத்தால்தான் நடுங்காமல் ஓடும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், ஒருவேளை அந்தச் சென்சாரை யாருமே கேட்கவில்லையோ?

சனிக்கிழமை காலை ஸ்கேனரை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஸ்காட் சாலைப் பக்கம் பழைய வரிசை வீடு. வாசல் கூரையின் கீழே கார் நிற்கிறது, அதற்கு நேர் பின்னால் கூடத்துச் சன்னல். தங்கையும் அவர் அப்பாவும் கிள்ளானிலிருந்து வந்து காத்திருந்தார்கள். பெரியவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வீட்டம்மாதான் கோப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ரொம்ப வருஷமா காலையில இவரு வண்டிய முடுக்கினா எண்ணெய் நெடி வீட்டுக்குள்ள வருது. எனக்கு தலைவலி வந்துடும். சொன்னா, உனக்கு மூக்கு நீளம்னு சொல்லுவாரு."

அங்கிருந்தவர்களில் கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் அந்த அம்மாதான். அந்த நெடி, எரியாமல் வந்த பெட்ரோல். அதனோடு சேர்ந்து வந்த கார்பன் மோனாக்சைடுக்கு நெடி இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய தலைவலிக்குக் காரணம் அதுதானா என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் வாசல் கூரையின் கீழே, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் காரை முடுக்கி நிறுத்தி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் வேண்டாம். இன்றைய கார்களுக்கு அது தேவையும் இல்லை. முடுக்கி அரை நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பிவிடலாம்.

சுற்று வட்டாரத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஸ்கேனரை மாட்டினோம். (எல்லாப் பழைய காரிலும் கைப்பேசிச் செயலி வேலை செய்யாது, பட்டறை ஸ்கேனர்தான் பேசும்.) கோளாறுக் குறியீடு ஒன்றும் இல்லை. இங்கேதான் பலர் 'கோட் இல்லை' என்று ஸ்கேனரைக் கழற்றிவிடுகிறார்கள். குறியீட்டைவிட உள்ளே ஓடும் எண்கள் முக்கியம். வெறுமனே நிற்கும்போது இயந்திரச் சுழற்சி 1,100. 750, 800 பக்கம் இருக்க வேண்டியது. ஆக்சிஜன் சென்சார் 'ரிச், ரிச்' என்று கத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் திருத்தக் கணக்கு பூஜ்யத்தில் அசையாமல் நிற்கிறது. சென்சார் சொல்வதைக் கேட்டிருந்தால் அந்தக் கணக்கு மைனஸில் இறங்கியிருக்கும். கேட்கவே இல்லை.

இயந்திரத் தண்ணீரின் சூடு? 58 டிகிரி.

அரை மணி நேரம் ஓடிய இயந்திரம் 85, 90 டிகிரியில் இருக்க வேண்டும். சூட்டுச் சென்சார் பொய் சொல்கிறதா என்று வெளியிலிருந்து சூடு அளக்கும் கருவியால் பார்த்தேன். பொய் இல்லை, இயந்திரம் உண்மையிலேயே 58-இல்தான் இருந்தது. கணினியைப் பொறுத்தவரை அந்தக் காருக்கு எப்போதும் விடியற்காலை. நாள் முழுவதும் கூடுதல் எண்ணெய்.

அப்போதுதான் முன்னால் கவனித்தேன். சாவியைத் திருப்பிய நொடியிலிருந்து ரேடியேட்டர் காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ஐயா, இது எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன். பெரியவர் முதன்முறையாக முகம் மலர்ந்து பேசினார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ஈப்போ போகும் வழியில், தாப்பா பக்கத்தில் கார் கொதித்து நின்றுவிட்டதாம். அங்கே ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, காற்றாடியை 'டைரக்ட்' போட்டுக் கொடுத்தார்களாம். "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் தேவையில்லைன்னு சொன்னாரு. அன்னையிலிருந்து ஒரு நாள் கூட கொதிச்சதில்ல தம்பி. முள்ளு கால்வாசிக்கு மேல ஏறினதே கிடையாது!"

இதைக் கேட்காத பட்டறைக்காரர் இந்த நாட்டில் இருக்க முடியாது. 'தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரன் பொருள்' என்பது நம் பட்டறைகளில் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த நம்பிக்கை. நானும் தொழில் பழகும் காலத்தில் எத்தனையோ கழற்றி எறிந்திருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. கார்புரேட்டர் காலத்தில் அதன் விலையை உடனே கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சூட்டைப் பார்த்து எண்ணெய் ஊற்றும் கணினி வந்த பிறகுதான் கணக்கு மாறியது. நம் 33 டிகிரி வெயில் நமக்குத்தான் வெயில். 90 டிகிரியில் வேலை செய்யப் பிறந்த இயந்திரத்துக்கு அது குளிர்தான். பல கார்களில் தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைத்து இயந்திரத்தைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் அதன் வேலை.

உங்கள் காரில் அது இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் குளிர்ந்த காரை, திறந்த வெளியில், முடுக்குங்கள். காற்றாடியில் கையும் துணியும் படாமல், ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சுட்டால் தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேலையும் செய்கிறது. முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால், ஒன்று அது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது.

நான்காம் நாள் என் பட்டறையில் வேலை நடந்தது. தெர்மோஸ்டாட், கேஸ்கெட், காற்றாடிக்கு ரிலே, கம்பிகளைப் பழையபடி சேர்த்தது, கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 190 வெள்ளி. காரை முடுக்கிவிட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 70, 80, 88. சுழற்சி 780-க்கு இறங்கியது. திருத்தக் கணக்கு அசையத் தொடங்கியது. தங்கைக்கு ஒரே மகிழ்ச்சி. 93-இல் காற்றாடி சுற்றியது. 96. காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. 99. 103. அணைத்துவிட்டேன்.

இது நான் எதிர்பார்த்ததுதான். தாப்பாவில் கார் ஏன் கொதித்தது என்று யாரும் பார்க்கவில்லையே. ரேடியேட்டரின் உள் குழாய்கள் பாதிக்கு மேல் அடைத்திருந்தன. தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் காற்றாடியை நிறுத்தாமல் ஓடவிட்டதும் அந்த அடைப்பை இத்தனை வருடம் மூடி மறைத்திருக்கின்றன. ஆகவே பழைய காரில் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லும்போது ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், மூடி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புகைக் கோளாறைத் தீர்க்கப் போய் இயந்திரத்தையே கொதிக்க வைத்துவிடுவோம்.

புது ரேடியேட்டர் 320 வெள்ளி. யார் கொடுப்பது? நான் வாய் திறக்கவில்லை. தங்கையின் அப்பாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் கழற்றிய ரேடியேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா எண்ணெய்க் காசு இதுலதான் போயிருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரேடியேட்டர் என் கணக்கு. பொண்ணு ஏற்கெனவே சென்சாருக்கு அழுதிருக்கு" என்றார்.

ரேடியேட்டர் மாற்றிய பிறகு சூடு 88-க்கும் 93-க்கும் இடையே நின்றது. புகைக் கருவியை மாட்டினோம். கார்பன் மோனாக்சைடு 0.2. லாம்டா 1.00. 1,600 வெள்ளிக்குச் செத்துவிட்டதாகச் சொன்ன கேட்டலிட்டிக் உயிரோடுதான் இருந்தது. புகையில் ஆக்சிஜனே இல்லாதபோது அது எதை வைத்து எரிக்கும்? புதிய கேட்டலிட்டிக் போட்டிருந்தாலும் சோதனையில் தோற்றிருக்கும், சில மாதத்தில் அதுவும் கரி பிடித்துப் பாழாகியிருக்கும். இந்தக் காருக்கு அதிர்ஷ்டம். வருடக்கணக்கில் ரிச்சாக ஓடிய கார்களில் கேட்டலிட்டிக் உண்மையிலேயே செத்துப்போவதும் உண்டு. மின்யாக் ஹித்தாமையும் மாற்றினோம். அளவுக் கோலை முகர்ந்தால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்திருந்தது.

ரிச்சாக ஓடும் கார் எல்லாவற்றிலும் தெர்மோஸ்டாட்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கசியும் இன்ஜெக்டர், கிழிந்த எரிபொருள் அழுத்தக் கட்டுப்பாட்டுத் தகடு, காற்றழுத்தச் சென்சாருக்குப் போகும் வெடித்த ரப்பர் குழாய், சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்த புகைக்குழாய் என்று பலவும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் திருத்தக் கணக்கு ஒரு பக்கமாக மைனஸ் 20, 25 என்று இழுத்துக்கொண்டிருக்கும். புகைக்குழாய் ஓட்டை என்றால், இல்லாத காற்றை இருப்பதாக நம்பிப் பிளஸ் பக்கம் போகும். பூஜ்யத்தில் நின்றால் முதலில் சூட்டைப் பாருங்கள். காற்று வடிகட்டி அடைத்தால் ரிச் ஆகும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பாடம். இன்ஜெக்‌ஷன் காரில் கணினி, வரும் காற்றுக்குத் தக்கபடிதான் ஊற்றும்.

சோதனைக்கு மட்டும் வேறொரு காரின் பாகத்தை இரவல் வாங்கி மாட்டித் தேறிவிட்டு, திரும்பக் கழற்றிக் கொடுக்கும் யோசனையையும் அந்தத் தங்கைக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வாங்குகிறவருக்கே அந்த யோசனையைச் சொன்னதுதான் வேடிக்கை. கோளாறான காரை அவர்தானே ஓட்டப் போகிறார்!

சிங்கப்பூரில் சொந்தக் கார் 3 ஆண்டைத் தாண்டினால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 10 ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை. நம் நாட்டில் இ-ஹெய்லிங் ஓட்டும் 3 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுச் சோதனை உண்டு. வீட்டுக் காருக்கு அப்படி இல்லை. 2024 ஆகஸ்டோடு புஸ்பாகோமின் தனியுரிமை முடிந்து வேறு நிறுவனங்களும் வந்திருக்கின்றன, ஆனால் நாம் போவது என்னவோ காரை விற்கும்போதும் வாங்கும்போதும்தான். அதனால்தான் பெரியவரின் கார் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் ரிச்சாக ஓடியது. காட்டிக்கொடுக்கக்கூடியது எண்ணெய்ச் செலவு ஒன்றுதான். ரோன் 95 லிட்டர் 2.05 வெள்ளிக்கு விற்ற காலத்தில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பூடி 95 வந்து மாத அளவு வைத்த பிறகு சிலர் கணக்குப் பார்க்கிறார்கள். முழுத் தொட்டிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கைப்பேசியில் குறித்து வையுங்கள். 40 லிட்டருக்கு 370 கிலோமீட்டர் ஓடிய இந்தக் கார் இப்போது 500-ஐத் தொடுகிறது.

சோதனையில் தேறி, பெயர் மாறி, தங்கை வேலையில் சேர்ந்துவிட்டார். சேர்ந்த மூன்றாம் நாள் காலை, இரவு முறை முடித்து கூட்டரசு நெடுஞ்சாலை ஓர எண்ணெய் நிலையத்தில் நிறுத்திவிட்டுப் பதற்றத்தோடு கூப்பிட்டார்.

"அண்ணே, சூட்டு முள்ளு பாதிக்கு வந்து நிக்குது. வாங்கினப்போ கால்வாசியிலதான் இருந்துச்சு. மறுபடியும் கொதிக்கப் போகுதா?"

"பாதியைத் தாண்டிப் போகுதா?"

"இல்லண்ணே. அங்கேயே நிக்குது."

"அது அங்கதாம்மா நிக்கணும். வீட்டுக்குப் போய்த் தூங்கு."